கரைஞ்சுபோன ஒம்பது கட்டி

நில்லுங்க தம்பி. அங்கயே நில்லுங்க. நாய் கட்டித்தான் கெடக்கு, அது ஒண்ணும் பண்ணாது. நாந்தான் பண்ணுவேன். யாரு நீங்க? பையில என்ன? அந்த முறுக்குக் கம்பி எதுக்கு?

மண்ணு ஆபீசா? எந்த மண்ணு ஆபீசு? அட்டை வச்சிருக்கீங்களா, காட்டுங்க. அம்புட்டுத் தூரத்துலேருந்து காட்டுனா எனக்கு எப்புடித் தெரியும், கிட்டக் கொண்டாங்க. போட்டோவுல மீசை இல்ல, நேர்ல இருக்கு. சரி, மூக்கு ஒண்ணாத்தான் இருக்கு. உக்காருங்க. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், சாயாதீங்க.

எங்க வீட்டு மனுசன் இல்ல. முந்திரிக் கொல்லைக்குப் போயிருக்காரு, வர்ற நேரந்தான். என்ன சேதின்னு எங்கிட்ட சொல்லுங்க. அவருக்கிட்டத்தான் கேக்கணுமா? ஏன், பொஞ்சாதி கேக்கக்கூடாத சேதியா? இதுக்கு முந்தி மண்ணு ஆபீசுலேருந்து வந்ததும் இப்புடித்தான் ஆரம்பிச்சுச்சு, 'அண்ணன் இருக்காங்களா'ன்னு. பதினோரு வருசம் ஆச்சு. அந்த ஒரு வார்த்தையால இந்த வீட்டுல நடந்தது எனக்கும் புத்துல குடியிருக்குற நாகம்மாளுக்குந்தான் தெரியும்.

கையில என்ன தாளு? படிங்க. மனசுக்குள்ள படிச்சா எப்புடி, வாய்விட்டுப் படிங்க.

'நரியங்கொல்லை கிராமத்தில் கல் வெட்டும் தொழிலாளி அரங்குளவன் என்பவர், இம்மண்ணின் கீழடுக்கு காற்றும் வெயிலும் பட்டால் கல்லாக இறுகும் என்று கூறினார். சோதனையில் கட்டிகள் நீரில் கரைந்துவிட்டன. அவர் கூற்று தவறு.'

இதை அச்சடிச்சு வச்சிருக்காங்களா? பேரோடயா? ஊரோடயா? அடப்பாவிகளா. எத்தனை பேரு படிச்சிருப்பாங்க இதை? ஏந்தம்பி, அந்தத் 'தவறு'ங்கிற வார்த்தைய அவ்வளவு அழுத்தியா படிப்பீங்க?

இப்ப உங்களுக்கு என்ன வேணும்? ஓ. கெழக்கால ரெண்டு ஊருல இதே அடுக்கை வெட்டி எடுத்து, அதே மாதிரி நனைச்சுக் காய வச்சுப் பாத்தீங்களாக்கும். ரெண்டு ஊருலயும் கல்லாயிருச்சாக்கும். இங்க மட்டும் ஏன் கரைஞ்சுச்சுன்னு கேக்க வந்தீங்களாக்கும். இந்த ஒரு கேள்விக்காகவா இந்த வெயில்ல வந்தீங்க? நம்புற மாதிரியா இருக்கு?

சரி. அந்தக் கதைய அவருக்கிட்ட கேட்டா ஒரு வார்த்தையில முடிச்சிருவாரு. எங்கிட்ட கேளுங்க, முழுசாச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு எம்மேலயா, அப்ப வந்த ஆபீசரம்மா மேலயான்னு. ஆனா பேனாவ உள்ள வைங்க. செல்போனைக் குப்புற வைங்க. ரெக்கார்டு எதுவும் ஓடலயே? சத்தியமா? தண்ணி குடிங்க, செம்புல ஒண்ணும் கலக்கல.

எங்க வீட்டு மனுசன் செம்பூராங்கல்லு வெட்டுற ஆளு. உங்களுக்குத் தெரியும், மண்ணுக்குப் படிச்சவங்க. குழிக்குள்ள இருக்கையில அது மண்வெட்டிக்கு வளைஞ்சு குடுக்கும். கட்டம் கட்டமா அறுத்து மேல அடுக்கிட்டா ஒரு கோடைக்குள்ள இரும்பாயிரும். எல்லா எடத்துலயும் ஆகாது. எந்த மண்ணு கல்லாகும், எது மழைக்குக் கரையும்னு ரெண்டு வெரலால தேச்சுப் பாத்துச் சொல்லிருவாரு. சுத்துப்பட்டுல எவன் கெணறு வெட்டுனாலும் அஸ்திவாரம் தோண்டுனாலும் இவரைத்தான் கூப்பிடுவாங்க. 'அரங்குளவா, கொஞ்சம் தொட்டுப் பாரு'ம்பாங்க. இவரு தொடுவாரு, 'ம்'பாரு, இல்லாட்டி 'ம்ஹூம்'பாரு. அவ்வளவுதான். வீட்டுலயும் அவ்வளவுதான். கல்யாணம் ஆகி இருவத்தாறு வருசத்துல எங்கிட்ட பேசுனதை ஒரு நாளிதழ்ல அடக்கிறலாம்.

அப்ப வந்துச்சு அந்தம்மா. ஆடி மாசம், ஜீப்புல. பேரு மேரி கிளாடிஸ், நாகர்கோவில் பக்கம். மாவட்டத்துல உள்ள மண்ணையெல்லாம் பிரிச்சு எழுதுற வேலையாம். குழி தோண்ட ஆளு வேணும்னு கேட்டுச்சு, ஊரு இவரைக் கைகாட்டிருச்சு. ஆறடி ஆழம், மூணடி அகலம், எறங்க ரெண்டு படி. பாத்தா பொணக்குழியேதான். எவளாச்சும் நல்ல பொம்பளை அப்புடி ஒரு குழிய வெட்டச் சொல்லி, அதுக்குள்ள தானும் எறங்கி, அடுத்தவ புருசனையும் எறக்குவாளா?

வயசா? அம்பத்தெட்டு. ஏன் கேக்குறீங்க? தலை பூரா நரைதான். பேரன் இருக்குதாம், போட்டோ காட்டுச்சு. அதுனால என்ன தம்பி? பேரன் எடுத்தவளுக்கு மனசு இல்லையா? 'அண்ணே அண்ணே'ன்னுதான் கூப்புட்டுச்சு. அண்ணேன்னு கூப்பிட்டா ஆச்சா? நான் எத்தனை அண்ணனைப் பாத்திருக்கேன்.

மூணாம் நாளு சோறு கொண்டுபோற சாக்குல போயி எட்டிப் பாத்தேன். குழிக்குள்ள ரெண்டு பேரும் நிக்கிறாங்க. நடுவுல ஒரு பொஸ்தகம். பொஸ்தகத்துல எழுத்தே இல்ல, பக்கத்துக்குப் பக்கம் சதுரம் சதுரமா கலர் ஒட்டிருக்கு. ஒவ்வொரு கலருக்குக் கீழயும் ஒரு ஓட்டை. இவரு மண்ணாங்கட்டிய அந்தப் பக்கம் புடிக்கிறாரு, அது இந்தப் பக்கத்துலேருந்து ஓட்டை வழியாப் பாக்குது. அப்புறம் அது புடிக்குது, இவரு பாக்குறாரு. மண்ணோட நெறம் எந்தச் சதுரத்தோட ஒத்துப்போவுதுன்னு பாக்குறாங்களாம். ரெண்டு பேரு ஒரு பொஸ்தகத்து ஓட்டையில மாறி மாறிக் கண்ணை வச்சா அதுக்குப் பேரு மண்ணு பாக்குறதா?

சிரிக்காதீங்க. உங்க பையிலயும் அந்தப் பொஸ்தகம் இருக்கா? வேண்டாம், எடுக்க வேண்டாம். எனக்கு அதைப் பாக்கவே புடிக்காது.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேச ஆரம்பிச்சாரு பாருங்க. 'வள்ளிக்கண்ணு, செவப்புல ஏழு செவப்பு இருக்கு தெரியுமா'ங்கிறாரு. மஞ்சச் செவப்பு, காஞ்ச மொளகாச் செவப்பு, ஈரத்துல ஒண்ணு, காஞ்சா ஒண்ணு. எங் கல்யாணப் பொடவை என்ன நெறம்னு கேட்டா முழிக்கிற ஆளு தம்பி அது! நான் சோத்தைப் போட்டுக்கிட்டே கேக்குறேன். 'நம்ம மண்ணு ரொம்பப் பழைய மண்ணு. லச்சக்கணக்கான வருசமா மழை பேஞ்சு பேஞ்சு, இதுல இருந்த சாம்பச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாத்தையும் கழுவிக் கொண்டு போயிருச்சு. கழுவ முடியாம மிச்சம் கெடக்குறது இரும்புதான். அதான் செவப்பு. அதான் எவ்வளவு எருப்போட்டாலும் அடுத்த மழைக்குக் காணாமப் போவுது.' இப்புடியே பேசுறாரு. அத்தனை வருசப் பேச்சையும் ஒரு சாப்பாட்டுல பேசி முடிச்சாரு. நான் உக்காந்து கேட்டேன். இவ்வளவு பேச்சு உள்ள இருந்திருக்கு, எனக்குன்னு வரல பாருங்க.

இன்னொண்ணு சொன்னாரு. மண்ணுக்கும் சாதி இருக்காம். பெரிய சாதி பன்னெண்டு, அதுக்குள்ள பிரிவு, பிரிவுக்குள்ள கிளை, கிளைக்குள்ள குடும்பம். நம்ம ஊருல மனுசனுக்கு இருக்குறது பத்தாதுன்னு மண்ணுக்குமா? அதுலயும் எல்லாத்துக்கும் கீழ கடைசில ஒரு பேரு வைப்பாங்களாம். அது ஊரு பேராத்தான் இருக்குமாம். எந்த ஊருல மொதல்ல கண்டெடுத்தாங்களோ அந்த ஊரு பேரு. எங்க ஊரு மண்ணை வேற ஏதோ ஊரு பேருல சேத்துறலாம்னு பெரிய ஆபீசருங்க சொன்னாங்களாம். இந்தம்மா மட்டும் இல்ல இல்ல, இது தனின்னு நின்னுச்சாம்.

தனியா இல்லையான்னு முடிவு பண்றது அடியில கெடக்குற அடுக்கு. நாலடிக்குக் கீழ செவப்பும் மஞ்சளும் வெள்ளையுமா பூப்பூவா ஒரு களி வரும். அது வெளில எடுத்தா கல்லா இறுகுமா, இல்ல வெறும் களியான்னு தெரியணும். அந்தம்மா இவரைக் கேட்டுச்சு. இவரு ரெண்டு வெரல்ல தேச்சாரு. 'ஆகும் மேடம், கல்லாகும்'னாரு. அவ்வளவுதான், அது அதைப் புடிச்சுக்கிச்சு. 'இது நெசம்னு காட்டிட்டம்னா நரியங்கொல்லைன்னே இந்த மண்ணுக்குப் பேரு. அண்ணனை எங்க குழுவுல சேத்து மாவட்டம் பூரா கூட்டிட்டுப் போறதுக்கு நான் எழுதித் தாரேன், இந்த மாதிரி கை எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் கெடையாது'ன்னுச்சு. இந்த வாசல்ல நின்னுதான் சொல்லுச்சு. எம் முன்னாலயே சொல்லுச்சு. மாவட்டம் பூரா கூட்டிட்டுப் போவாளாம்! இவரு மூஞ்சியப் பாக்கணுமே நீங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட அந்த மூஞ்சி இல்ல.

பெருமையா இல்லையான்னா கேக்குறீங்க? இருந்திருக்கும் தம்பி, வேற எவனாவது ஆம்பளை ஆபீசரு வந்து சொல்லிருந்தா.

அடுத்த நாளு ஒம்பது கட்டி கொண்டாந்தாரு. சாத்துக்குடி அளவு. ஒவ்வொண்ணையும் வெள்ளைத்துணியில முடிஞ்சு, முடிச்சுக்கு முடிச்சு நம்பர் எழுதின அட்டை. காலையில தண்ணில ஊறப்போடுவாரு, உச்சிவெயிலுக்கு எடுத்துக் காய வைப்பாரு. ஊறப்போட எங்க அம்மா வீட்டுச் சீரு பித்தளை அண்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஒவ்வொரு தடவைக்கும் செவுத்துல கரிக்கோடு. 'தொடாத வள்ளிக்கண்ணு, அது ஆபீசு கட்டி'ங்கிறாரு. எம் புருசன், எங்க அண்டா, எங்க செவரு, நான் தொடக்கூடாது. மூணு வாரம் இதே கூத்து. குனிஞ்சு அந்த முடிச்சைத் தடவிப் பாப்பாரு, தனக்குத்தானே சிரிச்சுக்குவாரு. நீங்களே சொல்லுங்க, துணியில முடிஞ்சு நம்பர் போட்டு, நனைச்சுக் காயவச்சு, ஒருத்தரையும் தொடவிடாம ஒரு காரியம் நடந்தா அதுக்குப் பேரு என்ன?

எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் ஆத்திரப்படக்கூடாதுன்னு கரம்பக்குடி ரோட்டுல குறி சொல்ற அம்மாக்கிட்டப் போனேன். வெத்தலையில மை போட்டுப் பாத்துச்சு. 'எத்தனை முடிச்சு'ன்னு கேட்டுச்சு. ஒம்பதுன்னேன். 'நனைக்குறாரா, காய வைக்குறாரா?' ஆமான்னேன். 'காயக் காய இறுகுதா?' அதுக்குத்தானே பண்றாங்கன்னேன். அது கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுச்சு: 'கட்டி எப்புடி இறுகுதோ அப்புடி உம் புருசன் மனசு உம்மேல இறுகிக்கிட்டே வருது. ஒம்பதும் கல்லாச்சுன்னா அப்புறம் ஆண்டவனாலயும் கரைக்க முடியாது.'

நீங்க படிச்சவங்க, நம்பமாட்டீங்க. நான் அன்னைக்கு இருந்த நெலமையில, அந்தக் குறிகாரி எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

மாத்து கேட்டேன். 'அந்தக் கட்டிய ஓடுற தண்ணில விட்டுரு. அதே துணியில நாகம்மா குடியிருக்குற புத்து மண்ணை உருட்டி வை. அது தண்ணில கரையும்போது அவரு மனசும் கரைஞ்சு உங்கிட்ட வந்துரும்'னுச்சு. எங்க ஊருல ஓடுற தண்ணிக்கு எங்க போறது? கொளமே வருசத்துல நாலு மாசந்தான். மறுநா, நல்லாக் காயட்டும்னு ஊறப்போடாம வச்சிட்டு இவரு வெளில போனதும் ஒம்பதையும் அவுத்து மஞ்சப்பையில போட்டேன். பஸ் ஏறி, கல்லணைத் தண்ணி ஓடுற புது ஆத்துக்குப் போனேன். கனம்னா கனம். கண்டக்டரு 'என்னம்மா, எடைக்கல்லா'ன்னு கேட்டான். 'உரலு'ன்னேன். 'உரலை யாராச்சும் மஞ்சப்பையில...'ன்னு ஆரம்பிச்சான். 'உனக்கு டிக்கெட்டு குடுத்தாச்சா இல்லையா'ன்னு கேட்டேன், போயிட்டான்.

ஆத்துப் படியில நின்னு ஒண்ணு ஒண்ணா விட்டேன். ஒண்ணு கை தவறிப் படியில விழுந்துச்சு. ணங்குன்னுச்சு தம்பி. ஒடையல. ஒரு பொடி உதிரல. படிதான் ஓரத்துல சில்லு பேந்துச்சு. பாத்தியா, எம்புட்டு இறுகிப்போயிருக்கு, நல்லவேளை இப்பவாச்சும் வந்தம்னு அதையும் காலால தள்ளி விட்டேன்.

ஏன் அப்புடிப் பாக்குறீங்க? இருங்க, முடிக்கல.

வீட்டுக்கு வந்து, பின்கொல்லையில உள்ள புத்துக்குப் பால் ஊத்தி, மன்னிச்சுக்க ஆத்தான்னு சொல்லி, கொஞ்சம் மண்ணு எடுத்து ஒம்பது உருண்டை புடிச்சு, காய வச்சு, அதே துணி, அதே அட்டை, அதே முடிச்சு. மறுநா பெரிய ஆபீசருங்க வர்ற நாளுன்னு எனக்குத் தெரியும். முடிவு பாக்குற நாளு. இவரு அன்னைக்கு முழுக்க ஓட்டத்துல இருந்தாரு, ஊருல சொல்றதும் பந்தலுக்கு ஆளு பாக்குறதுமா. முடிச்சை அவுத்துப் பாக்கல. விடியக்காலையில அப்புடியே அண்டாவுல போட்டு மூடி வச்சிட்டு, கல்யாணத்துக்குப் போடுற வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாரு.

மூணு ஆபீசருங்க வந்தாங்க, அதுல ஒருத்தரு பெரியவரு. ஊரு முழுக்க இந்த வாசல்லதான். தலைவரு, வாத்தியாரு, எல்லாரும். நம்ம ஊரு பேரு பொஸ்தகத்துல ஏறப்போவுதுல்ல. அந்தம்மா அன்னைக்குப் பட்டுச் சேலை கட்டியிருந்துச்சு. அதையும் நான் பாத்து வச்சுக்கிட்டேன். 'என் சர்வீசுல கடைசி வேலை சார் இது, அடுத்த மாசம் நான் ரிட்டையர்டு'ன்னு அந்தப் பெரியவருக்கிட்ட சொல்லிக்கிட்டே, தானே குனிஞ்சு அண்டா மூடிய எடுத்துச்சு.

உள்ள சேறு. துணியெல்லாம் தொளதொளன்னு மெதக்குது. செவந்த சேறு.

மொதல்ல அந்தப் பெரியவரு சிரிச்சாரு. 'என்ன கிளாடிஸ், கல்லுன்னு கூட்டியாந்து களியக் கிண்டிக் காட்டுறீங்க'ன்னாரு. கூட வந்தவங்க சிரிச்சாங்க. அப்புறம் ஊரு சிரிச்சுச்சு. 'இல்ல சார், போன வாரம் நானே தட்டிப் பாத்தேன், நல்லா இறுகி வந்துச்சு சார், இன்னும் மூணு வாரம் குடுங்க, புதுசா எடுத்துப் பாத்துருவோம்'னு அந்தம்மா கெஞ்சுது. 'கல்லு வெட்டுறவன் பேச்சைக் கேட்டு இன்னும் மூணு வாரமா? அறிக்கை போயாகணும்'னுட்டாரு.

இவரு முன்னால வந்தாரு. அண்டாவுக்குள்ள கைய விட்டாரு. கொஞ்சம் சேத்தை எடுத்து ரெண்டு வெரலுக்கு நடுவுல தேச்சாரு. மூக்குக்கிட்டக் கொண்டு போனாரு. நிமுந்து இந்த நெலைக்கதவைப் பாத்தாரு. நான் இங்கதான் நின்னேன். ஒரே ஒரு பார்வை. அப்புறம் அந்தப் பெரியவரு பக்கம் திரும்பி, 'எங் கை தப்பாப் போச்சு சார், மேடம் மேல ஒண்ணும் இல்ல'ன்னாரு.

அந்தம்மா போறப்ப கண்ணைத் தொடச்சுக்கிட்டே போச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் இருக்கே! அண்டாவத் தேச்சுக் கழுவிக் கவுத்து வச்சேன். கரைஞ்சாச்சு, இனி மனுசன் எங்கிட்ட வந்துருவாருன்னு கறி எடுத்துக் கொழம்பு வச்சேன். சாப்பிட்டாரு. கை கழுவுனாரு. படுத்துட்டாரு. செவப்பும் இல்ல, மழையும் இல்ல, மண்ணுக்குச் சாதியும் இல்ல. பழைய 'ம்', பழைய 'ம்ஹூம்'. அதுவும் பாதிக் கொறைஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் ஒருத்தனும் இவரைத் தொட்டுப்பாக்கக் கூப்பிடல. தெக்குத்தெருவுல கெணறு வெட்டுனாங்க, வெளியூருலேருந்து ஆளு கூட்டியாந்தாங்க. மழை தூத்தல் போட்டா போதும், 'அரங்குளவா, ஓடு ஓடு, வீடு கரையுது'ம்பானுவ டீக்கடையில. இவரும் கூடச் சேந்து சிரிப்பாரு. நரியங்கொல்லைங்கிற பேரை வாங்கித் தர்றேன்னு ஊரையே வாசல்ல நிக்க வச்சுக் கெடுத்தவன்னு தலைவரு ரெண்டு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசல. கல்லு வெட்டுற கோடாலிய வித்துட்டு, அடுத்தவன் முந்திரிக் கொல்லைக்குக் காவலுக்குப் போனாரு. இன்னைக்கும் அங்கதான் போயிருக்காரு.

எனக்கு என்ன மனக்குறைன்னா தம்பி, ஒரு வார்த்தை என்னைய ஏசல. 'நீ ஏதும் எடுத்தியாடி'ன்னு கேக்கல. அடிச்சிருந்தா, கத்திருந்தா, சரி, கட்டி போன கவலைன்னு நெனச்சிருப்பேன். சும்மாவே இருந்தாரு. சும்மா இருக்குற ஆம்பளைய நம்பலாமா? அன்னைக்கு நெலைக்கதவைப் பாத்தாரே, அது என்னைய இல்ல, அந்தம்மா போறாளேங்கிற ஏக்கத்துல எங்கயோ பாத்ததுன்னுதான் நான் பதினோரு வருசமா நெனச்சுக்கிட்டிருக்கேன். மனசுக்குள்ள வச்சுக்கிட்டிருக்காரு, அதான் பேச்சு வரலன்னு. அவருக்கு என்ன தெரியும், கட்டி மாறுனது? சேத்தைப் பாத்தா எல்லாச் சேறும் ஒண்ணுதானே?

என்ன? திரும்பச் சொல்லுங்க.

ரெண்டு வெரல்ல தேச்சே மண்ணைச் சொல்ற ஆளுக்கு, தன் கொல்லைப் புத்து மண்ணு தெரியாதான்னா கேக்குறீங்க?

இருங்க. இருங்க தம்பி. சைக்கிள் சத்தம் கேக்குது. அவருதான். நான் சொன்னது எதையும் சொல்லிறாதீங்க. நீங்க கேக்க வந்ததை மட்டும் கேளுங்க. நான் இங்கனயே நிக்கிறேன்.

வாங்க. மண்ணு ஆபீசுலேருந்து வந்திருக்காரு. இல்ல, இது வேற ஆபீசரு, சின்னப் புள்ளை. உங்கக்கிட்ட ஏதோ கேக்கணுமாம். மொதல்ல உக்காருங்க. கேளுங்க தம்பி, அவரு உங்களைக் கடிக்கவா போறாரு?

...

கேட்டீங்களா. என்ன சொல்றாரு பாத்தீங்களா. 'எங் கைதான் தப்பு தம்பி.' அதேதான். அதே வார்த்தை. கெழக்கால ரெண்டு ஊருலயும் கல்லாயிருச்சேன்னு தம்பி கேக்குறாருங்க, அதுக்கு என்ன சொல்றீங்க? 'அங்க ஆகியிருக்கும், இங்க கரைஞ்சுச்சு, டீ குடிச்சீங்களா'வா?

ஏங்க. இங்க பாருங்க. என்னையப் பாருங்க. இப்ப எதுக்கு நெலைக்கதவைப் பாத்தீங்க? அந்தத் தம்பி கேட்டதும் மொதல்ல என்னையத்தானே பாத்தீங்க? அன்னைக்கு மாதிரியே.

உங்களுக்குத் தெரியும்.

தொட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு. அப்புடித்தானே? நம்ம கொல்லைப் புத்துன்னு தெரிஞ்சு, நாந்தான் போட்டேன்னு தெரிஞ்சு, அத்தனை பேரு முன்னாலயும் எங் கை தப்புன்னு சொன்னீங்க. ம்ஹூம்னு தலைய ஆட்டாதீங்க. இத்தனை வருசம் அந்தத் தலையாட்டலை நான் நம்புனது போதும்.

தம்பி, பேனாவ எடுங்க. எடுங்கங்கிறேன். கல்லாத்தான் ஆச்சு. ஒம்பதும் கல்லு. படியில விழுந்து ணங்குன்னுச்சுன்னு சொன்னேன்ல, அதை எழுதுங்க. தண்ணில கரைஞ்சது வேற மண்ணு...

விடுங்க, கைய விடுங்க, ஏன் அவரு பேனாவப் புடிக்கிறீங்க? என்னது? 'எழுதாதீங்க தம்பி. என்னையப் பாத்துச் சிரிச்சு ஊருக்குப் பழகிருச்சு. இவளைப் பாத்துச் சிரிச்சா இவ தாங்கமாட்டா.' 

கேட்டுக்கிட்டீங்களா? பதினோரு வருசத்துல இன்னைக்குத்தான் மூணு வாக்கியம் சேந்தாப்புல பேசியிருக்காரு. அதுவும் உங்கக்கிட்ட. எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'ஏண்டி இப்புடிப் பண்ணுன'ன்னு கேட்டிருந்தா நான் உங்க கால்ல விழுந்திருப்பேன்ல? நான் என்னென்னமோ நெனச்சு, அந்தப் புண்ணியவதியத் தெனமும் மனசுக்குள்ள திட்டி, உங்களை ஒவ்வொரு நாளும் வேவு பாத்து... அந்தக் கோடாலிய விக்கிறப்பகூட அவளுக்குக் குடுத்தனுப்பத்தான் காசு சேக்குறீங்கன்னு நெனச்சேன். அழல. நான் ஒண்ணும் அழல.

எழுதுங்க தம்பி. அவரு கெடக்குறாரு, நீங்க எழுதுங்க. புத்து மண்ணு. போட்டது வள்ளிக்கண்ணு, அரங்குளவன் பொஞ்சாதி, நரியங்கொல்லை. பேரு, ஊரு, எல்லாம் போடுங்க, அச்சடிங்க. சிரிக்கிறவன் என்னையப் பாத்துச் சிரிக்கட்டும். அந்தக் கை ஒரு நாளும் தப்பல, அதையும் எழுதுங்க.

எழுதிட்டீங்களா? எங்க, இப்புடித் திருப்புங்க. நான் பாக்கணும்.